எரியாத ஏழாவது விளக்கு

ஆரணியில் அந்தப் புடவைக்குப் படவேட்டு விளக்குப் புடவை என்று பெயர். கரையில் ஒன்பது விளக்குகள் வரிசையாக வரும். ஒன்பது முடிந்ததும் மறுபடி ஒன்று, இரண்டு என்று தொடங்கும். எட்டு விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். ஏழாவது மட்டும் எரியாது.

அந்த டிசைனை அம்மனே என் முதலாளியின் கனவில் வந்து காட்டினாள் என்று ஊர் சொல்லும். கட்டத்தாளில் அதைப் போட்டவன் நான். இந்த இரண்டும் எப்படிச் சேரும் என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. நினைவிருக்கிறவரை நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். கணக்கு எனக்கு வராது, ஆனால் கட்டம் வரும். கரையில் ஒரு மாங்காயோ மயிலோ வர வேண்டுமானால் அதை முதலில் சின்னச் சின்னக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, எந்தக் கட்டத்தில் ஜரிகை தெரிய வேண்டுமோ அதைச் சிவப்பு மையால் நிரப்ப வேண்டும். ஒரு வரிக்கு ஓர் அட்டை. சிவப்பு இருக்கிற இடத்தில் அட்டை அடிக்கிறவர் ஓட்டை போடுவார். அந்த அட்டைகளைக் கோத்து ஜக்காடு பெட்டியில் ஏற்றினால், தறி அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் இழையைத் தூக்கும். நான் சிவப்பு வைக்க மறந்தால் தறிக்கும் தெரியாது, நெய்கிறவருக்கும் தெரியாது. சேலை இறங்கின பிறகுதான் தெரியும்.

முதலாளிக்குப் பதினைந்து தறி. அவர் வீட்டு மாடியில் ஜன்னலோரம் எனக்கு ஒரு சாய்வுப் பலகை. முதலாளி நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது. காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு வைத்து, கடையில் உட்கார்ந்தார் என்றால் வருகிறவர் எல்லோருக்கும் அவரே காபி ஊற்றிக் கொடுப்பார். என் கல்யாணத்துக்கு என் மனைவிக்குக் கூறைப் புடவை அவர் கொடுத்ததுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டிசைன் போட்டால், வியாபாரிகளிடம் “நம்ம டிசைன்” என்று காட்டுவார். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மூன்று நான்கு வருஷத்தில் அது “என் டிசைன்” ஆயிற்று. ஒருமுறை மெட்ராஸ் வியாபாரி ஒருவர், “யாரு போட்டது இந்த அன்னம்?” என்று கேட்டபோது நான் பக்கத்தில்தான் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி சிரித்துக்கொண்டே, “எல்லாம் இங்கதான் இருக்குது” என்று தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். மடித்துக்கொண்டிருந்தவன் மடித்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் என் மனைவி கேட்டாள்:

“உங்க பேரைச் சொன்னா அவருக்கு இன்னா கொறஞ்சி பூடும்?”

“அவரு தறி, அவரு ஜரிகை. நான் கட்டந்தானே நிரப்பறேன்.”

“அப்ப சமையலும் அரிசிக்காரன் செஞ்சதா?”

அவளிடம் எனக்குப் பதில் வந்த நாள் குறைவு.

ஓர் ஆடி வெள்ளிக்கு நாங்கள் இருவரும் கைக்குழந்தையோடு படவேட்டுக்குப் போனோம். அந்தக் கோயில் அம்மன் ரேணுகாம்பாள் எங்கள் குலதெய்வம் இல்லை, ஆனாலும் என் மனைவிக்கு எல்லாமே அவள்தான். பெண்கள் மாவிளக்குகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஜவ்வாது மலைப் பக்கமிருந்து காற்று ஒரே சீராக வராமல் விட்டுவிட்டு வந்தது. ஒவ்வொரு சுடரும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. ஒன்று இடது பக்கம் படுத்தது. அடுத்தது நிமிர்ந்தே நின்றது. இன்னொன்று அணைகிற மாதிரி ஒடுங்கி மறுபடி எழுந்தது. நான் சாமியைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். “கும்பிடுங்க, வரிசை நகருது” என்று மனைவி முழங்கையால் இடித்தாள். அவசரமாகக் கும்பிட்டேன். எனக்கு ஒரு வழி காட்டு தாயே என்று கேட்டேன். என்ன வழி என்று குறிப்பாகக் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஆடிக்கு முன்னால் அந்த விளக்குகளைக் கட்டத்தில் போட ஆரம்பித்தேன். யாரும் கேட்டுப் போடவில்லை. வழக்கமாக ஒரு விளக்கு வரைந்தால் போதும், அதே அட்டைகள் சுற்றிச் சுற்றி வந்து கரை முழுக்க அதே விளக்கை நெய்துவிடும். நான் ஒன்பது விளக்குகளுக்கும் ஒன்பது விதமான சுடர் வைத்தேன். ஒரு விளக்குக்கு நாற்பது அட்டை, ஒன்பதுக்கு முந்நூற்று அறுபது. முதலாளி மாடிக்கு வந்து பார்த்தார்.

“ஒரு கரைக்கா இத்தினி அட்டை? பைத்தியமா உன்கு?”

“காத்து அடிக்கற மாதிரி வரும் முதலாளி.”

தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பார்த்தார். “போடு” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதன் பிறகு நாளுக்கு மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

முதலில் ஒன்பது அகலையும் முடித்தேன். பிறகு ஒவ்வொரு சுடராகச் சிவப்பு நிரப்பினேன். ஏழாவது சுடர்தான் வரவில்லை. அது அணையப் போகிற மாதிரி இருக்க வேண்டும், ஆனால் அணைந்திருக்கக் கூடாது. பென்சிலால் போட்டு அழித்து, போட்டு அழித்து, அந்த இடத்தில் தாளே தேய்ந்துவிட்டது. சரி, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எட்டையும் ஒன்பதையும் முடித்துவிட்டு அதை வெறுமையாக விட்டேன்.

மறுநாள் காலையில் குழந்தைக்கு உடம்பெல்லாம் முத்துப் போட்டிருந்தது. அம்மை.

எங்கள் பக்கத்தில் அம்மை வந்தால் நோய் வந்தது என்று சொல்ல மாட்டோம். ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் வீட்டிலிருப்பவர் இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது, மற்றவர் நம் வீட்டுக்குள் வரக் கூடாது. வீட்டில் தாளிக்கக் கூடாது. தொழில் சாமானைத் தொடக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வந்தவளோடு அடங்கி இருக்க வேண்டும். நான் இருந்தேன். முதலாளி தினமும் இளநீர் வாங்கித் தெருமுனையில் வைத்துவிட்டுப் போகச் சொல்வார். அந்த மனசையும் நான் எழுதியாக வேண்டும்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி, நான் வேலைக்குப் போனபோது என் பலகை காலியாக இருந்தது.

“ஆடிக்குள்ள புடவை எறங்கணும்னு அட்டைக்குக் குடுத்துட்டேன்பா. தறியில ஏத்தி நாலு நாளாச்சு.”

“முதலாளி... அதுல ஒண்ணு பாக்கி.”

“இன்னா பாக்கி?”

கீழே தறிக்கு ஓடினேன். அரை முழம் நெய்திருந்தார்கள். விளக்குகள் காற்றில் ஆடின. நான் நினைத்ததைவிட நன்றாக ஆடின. ஏழாவது அகலில் ஒன்றுமே இல்லை. முதலாளி என் பின்னால் வந்து நின்று குனிந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, தறியில் ஓடுகிற பாவு நூலையே அறுக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர், “நெய்யட்டும்” என்றார். அவ்வளவுதான்.

முதல் புடவை இறங்கிய அன்று அந்த மெட்ராஸ் வியாபாரி வந்திருந்தார். கரையை விரலால் நகர்த்திக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

“இன்னாங்க இது, ஒரு வெளக்கு எரியலியே? அட்டை தப்பா?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் முதலாளி சொன்னார்: “அம்மன் அப்பிடித்தான் காட்டுனா.”

“இன்னா?”

“படவேட்டு அம்மன். கனவுல வந்தா. ஒம்பது வெளக்கு காட்டுனா. ஏழாவது எரியல. ஏன் தாயேன்னு கேட்டேன். பேசாம போய்ட்டா.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதை நான் பார்த்தேன். வியாபாரி புடவையைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். ஏன் போட்டுக்கொண்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கை தானாகப் போயிற்று.

அதன் பிறகு அந்தப் புடவை ஓடிய ஓட்டம் ஊருக்கே தெரியும். நான்கு தறியை அதற்கென்றே ஒதுக்கினார் முதலாளி. பெண்கள் கடைக்கு வந்து, ஏழாவது விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். அந்த விளக்கை நாம்தான் ஏற்ற வேண்டும், அதற்காகத்தான் அம்மன் எரியாமல் காட்டினாள் என்று யாரோ சொல்ல, அந்தப் புடவை வாங்கிய வீடுகளில் வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றும் வழக்கம் வந்தது. எங்கள் வீட்டில் அந்தப் புடவை இல்லை. ஆனாலும் என் மனைவி ஏற்றினாள்.

“உன்குமா? நான் விட்டுப்போனதுடி அது. உன்குத் தெரியாதா?”

“தெரியும். ஏத்தினா இன்னா தப்பு?” என்று திரியைத் தூண்டினாள்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. எழுபதுகளின் கடைசி அது. ஊரில் இருந்த நெசவாளர் சங்கம் ஒன்றில் டிசைன் போடுவதற்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு ஒட்டினார்கள். நிலையான வேலை. அதைவிட, சங்கத்தில் ஒரு டிசைன் வந்தால் அதைப் போட்டவர் பெயரை ஏட்டில் எழுதி வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. எங்காவது ஒரு தாளில், யாரும் திறந்து பார்க்காவிட்டாலும் சரி, இது இவன் போட்டது என்று இருக்க வேண்டும். சொந்தமாகப் போட்ட டிசைன் ஒன்றைக் கொண்டு வரவும் என்று அறிவிப்பில் இருந்தது.

எனக்கு என்ன கொண்டு போவது என்பதில் சந்தேகமே இல்லை. முதலில் போட்டுப் பார்த்த பழைய பென்சில் தாள் வீட்டில் இருந்தது. அதைப் பார்த்துப் புதுத் தாளில் சுத்தமாகப் போட்டேன். அப்போது ஒரு காரியம் செய்தேன். இரண்டு வருஷமாக மனசுக்குள் போட்டு அழித்துக்கொண்டிருந்த அந்த ஏழாவது சுடர், அன்றைக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது. ஒடுங்கி, படுத்து, நுனி மட்டும் நிமிர்ந்து. பதினோரு கட்டம்தான். சிவப்பு நிரப்பிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சங்கத்துத் தலைவர், எங்கள் ஊர்க்காரர். மற்றவர் வேலூரிலிருந்து வந்த அதிகாரி. தாளை விரித்தேன். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“யோவ், இது விளக்குப் புடவை இல்ல?”

“ஆமாங்க. நான் போட்டதுங்க.”

“நீ போட்டதா! உங்க முதலாளிக்கு அம்மன் காட்டுனதுய்யா அது. என் பொண்ணு கழுத்துல தாலி ஏறுனப்ப கட்டியிருந்தது இந்தப் புடவைதான்.” விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனார். ஏழில் நின்றார். அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்கவில்லை. “ஏழாவது எரியுது! காப்பி அடிச்சதுதான் அடிச்ச, ஒழுங்கா அடிக்கத் தெரியல பாரு!”

என்னுடையது என்பதற்கு நான் கொண்டு போனதே, என்னுடையது இல்லை என்பதற்குச் சாட்சி ஆகிவிட்டது. தப்பைத் திருத்தியதே தப்பாயிற்று.

அதிகாரி அமைதியாகக் கேட்டார்: “எத்தனை அட்டை?”

“முந்நூத்தி அறுபதுங்க.”

“நாலாவது விளக்கு மட்டும் ஏன் நிமிர்ந்து நிக்குது?”

“காத்து ஒரு மூச்சு விட்டு மறு மூச்சு இழுக்கும்ங்க. அந்த நடுவுல நிமிந்துதுங்க.”

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவருக்கு அது பிடிக்கவில்லை. “அப்ப அம்மன் அவரு கனவுல வர்லேன்றியா? அதைச் சொல்லு.”

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் தயாராக வரவில்லை. வரவில்லை என்று சொன்னால், நான் யார் அவள் எங்கே போனாள் எங்கே போகவில்லை என்று சொல்ல? வந்தாள் என்றால் என் தாள் பொய். “எனுக்குத் தெரியாதுங்க” என்றேன்.

“தெரியாதுன்னா எப்பிடிய்யா? ஒண்ணு அவரு சொல்றது நெசம், இல்ல நீ சொல்றது நெசம். வர்ற வெள்ளிக்கெழமை படவேட்டுக்குப் போவலாம். அவரும் வரட்டும், நீயும் வா. சூடம் அணைச்சி சத்தியம் பண்ணுங்க. பண்ணிட்டா வேலை உன்குத்தான்.”

கையில் எரிகிற சூடத்தை அம்மன் பேரைச் சொல்லி அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்தில் சாதாரணக் காரியம் இல்லை. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பார்கள். எனக்கு என்னைப் பற்றிப் பயம் இல்லை. நான் போட்டது நிஜம். முதலாளியும் சத்தியம் செய்வாரே, அவர் குடும்பத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால்? என் குழந்தைக்கு இளநீர் அனுப்பின மனுஷர். அடுத்த நிமிஷம் வேறு பயம் வரும். ஒருவேளை அவள் நிஜமாகவே அவர் கனவில் வந்திருந்தால், நான் செய்வது யாருக்கு எதிரான சத்தியம்?

முதலாளி கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. “சங்கத்து வேலைக்குப் போறியா?” என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமை காலையில் அவரே என் வீட்டு வாசலுக்கு வந்து, “ஜல்தி கெளம்புப்பா, இந்த பஸ்ஸை விட்டா மத்தியானந்தான்” என்றார். படவேட்டுக்கு அப்போது பஸ் குறைவு. தலைவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். நானும் முதலாளியும் பின்னால் ஒரே சீட்டில். சந்தவாசலில் பஸ் நின்றபோது எனக்கும் சேர்த்து அவரே வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தார். சண்டைக்குப் போகிறவர்கள் மாதிரி நாங்கள் இருக்கவில்லை. சம்பந்தம் பேசப் போகிறவர்கள் மாதிரி இருந்தோம்.

வடையைப் பிட்டுக்கொண்டே முதலாளி கேட்டார்: “ஆமா, அந்த ஏழாவதை ஏன்பா விட்டே?”

“முதலாளி, அப்ப நான்தான் போட்டேன்னு...”

“நீதான் போட்டே. யாரு இல்லேன்னது?”

“அம்மன் காட்டுனான்னு சொன்னீங்களே!”

“காட்டுனாப்பா. உன் தாளைத் தெனம் மூணு வாட்டி பாத்துகினு இருந்தேன். நீ அம்மைக்காக வூட்ல இருந்தப்ப ஒரு நாள் கனவுல வந்தா. சத்தியமா வந்தா. கையில தட்டு. தட்டுல ஒம்பது. நான் வரைஞ்சேன்னு யாருகிட்டயாவது சொன்னனா? காட்டுனான்னுதான் சொன்னேன்.”

நான் யோசித்துப் பார்த்தேன். விளக்குப் புடவையைப் பற்றி மட்டும் அவர் நான் போட்டேன் என்று சொன்னதே இல்லை. அன்னத்துக்குச் சொன்னார், மயிலுக்குச் சொன்னார், இதற்குச் சொல்லவில்லை. அப்படியானால் அவர் என்னிடமிருந்து எடுத்தது என்ன? எடுத்த மாதிரியும் இருந்தது, எடுக்காத மாதிரியும் இருந்தது. மீதி வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போனேன். மலை கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது.

தரிசனம் முடித்து வெளியே வந்து, கோயிலைப் பார்த்தபடி ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். உச்சி வெயில். தலைவர் ஒரு வெற்றிலையில் சூடத்தை வைத்து ஏற்றினார். முதலாளி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “தாயே, நீ என் கனவுல வந்து வெளக்கு காட்டுனது நெசம்” என்று சொல்லி உள்ளங்கையால் அடித்தார். அணைந்தது. அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

தலைவர் வேறு சூடம் ஏற்றினார். “ம், சொல்லு.”

நான் போட்டேன் என்று சொல்ல வேண்டியதுதான். இரண்டு வார்த்தை. நிஜமான வார்த்தை. கையைத் தூக்கினேன். எதிரில் அவள் கோபுரம். இந்த இடத்தில்தானே அந்தச் சுடர்களைப் பார்த்தேன், இந்தக் காற்றுதானே சாய்த்தது, வழி காட்டு என்று நான்தானே கேட்டேன். காட்டினதை வாங்கிக்கொண்டு, நான் போட்டேன் என்று அவள் முகத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அப்படியானால் எது முழுக்க முழுக்க என்னுடையது என்று தேடினேன். ஒன்றுதான் அகப்பட்டது.

“தாயே, அந்த ஏழாவது வெளக்கு எரியாம போனது என் தப்பு. நான் விட்டுட்டேன்.” அடித்தேன். அணைந்தது. உள்ளங்கை சுட்டது.

பிறகு தலைவர், “இன்னாய்யா சொன்னே நீ?” என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. “தப்பா? என் பொண்ணு கட்டுனது தப்பா? வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை என் வூட்ல ஏத்தறாங்களே, அது தப்புக்கா ஏத்தறாங்க?”

“அப்பிடி இல்லீங்க...”

“போட்டேன்னு சொல்லியிருந்தா வேலை குடுத்துருப்பேன்யா. தப்புன்னு சொல்லிட்டியே. உன்னை எப்பிடி சங்கத்துல உக்கார வெக்கறது? உன் முகத்தை நான் தெனம் பாக்கறதா?”

அவர் கோபத்தில் பேசவில்லை. துக்கத்தில் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேலை போயிற்று என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. அந்த அதிகாரி பிறகு ஒரு முறை சொல்லிப் பார்த்தாராம், தலைவர் அசையவில்லை என்று கேள்வி.

திரும்பும் பஸ்ஸில் முதலாளிதான் பேஜாராக உட்கார்ந்திருந்தார், என்னைவிட. “போட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே? நானும் ஆமான்னு தலையாட்டியிருப்பேன். அதுக்குத்தானே வந்தேன்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை ஊரில் கடையில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாள் சொல்லியிருக்கலாமே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஊர் வந்து இறங்கும்போது, “நாளைக்கு வந்துடு, தைக்குப் புதுசா ஒண்ணு போடணும்” என்றார். “சரிங்க முதலாளி” என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே வேலை இல்லை என்று தெரிந்துகொண்டாள். உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

“இன்னான்னு சத்தியம் பண்ணீங்க?”

சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டாள்.

“பொய்ச் சத்தியம் பண்ணிட்டீங்களே!”

“இன்னாடி பொய்? விட்டது நான்தானே?”

“நீங்களா விட்டீங்க? மறுநாள் போய் போட்டுருப்பீங்களா மாட்டீங்களா?”

“போட்டுருப்பேன்.”

“போவ முடியாம வூட்ல உக்கார வெச்சது யாரு? கொழந்தை மேல முத்தா எறங்கி, வாசல்ல வேப்பிலை கட்டிகினு, பத்து நாள் உங்களை நவுர வுடாம பண்ணது யாரு?”

நான் சுட்ட உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்த வெளக்கை எரிய வேணாம்னு வெச்சது அவ. அவ செஞ்சதை நான் செஞ்சேன்னு, அவ வாசல்லயே நின்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. முதலாளி உங்க பேரை எடுத்துகினாருன்னு இத்தினி வருசமா எங்கிட்ட பொலம்பினீங்க. நீங்க யாரு பேரை எடுத்துகினு வந்தீங்க?”

எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது சரி என்று ஒரு பக்கம் பட்டது. அப்படியானால் என்னுடையது என்று ஒன்றுமே இல்லையா, தப்புகூடவா என்று இன்னொரு பக்கம் பட்டது. முதலாளியின் கனவு, என் கட்டம், தலைவர் வீட்டு விளக்கு, குழந்தையின் அம்மை எல்லாம் ஒரே பாவில் ஓடுகிற இழை மாதிரி தோன்றியது. எதைத் தனியாகப் பிரித்து இது என்னுடையது என்று எடுப்பது? எடுத்தால் மற்றது நிற்குமா?

முதலாளி அதன் பிறகு ஒரு காரியம் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். என் புதுத் தாளை வாங்கி, ஏழாவது சுடரோடு புதிதாக அட்டை அடித்து, இரண்டு புடவை நெய்யச் சொன்னார். “உன் ஆசைக்கு” என்றார். வந்த பெண்கள் ஏழு வரை எண்ணிப் பார்த்துவிட்டு, “இது அது இல்லீங்களே” என்று கீழே வைத்தார்கள். ஒன்றை முதலாளியம்மா கட்டிக்கொண்டார். இன்னொன்று என் மனைவிக்கு வந்தது. அவள் அதைக் கட்டிக்கொண்டு, எரியாத ஏழாவதுக்காக விளக்கு ஏற்றுவாள். கடையில் யாராவது கேட்டால் முதலாளி இப்போது, “கனவு என்னுது, கை இவனுது” என்று என்னைக் காட்டுவார். வந்தவர்கள் என் கையைப் பார்ப்பார்கள். எனக்கு அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமைக்கே வருகிறேன். மனைவி கூப்பிட்டாள். போய் நின்றேன். எல்லா விளக்கையும் ஏற்றிவிட்டு, கூடுதல் விளக்கை மட்டும் வைத்திருந்தாள். “நீங்க ஏத்துங்க இன்னிக்கு” என்று தீப்பெட்டியைக் கொடுத்தாள். உள்ளங்கை எரிந்தது. ஏற்றினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு, மன்னிச்சிடு தாயே என்றேன். எதற்கு மன்னிக்கச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.